டீச்சராகப் போகும் நம்ம பிள்ளை: நம்பிக்கையும் கவலையும்



க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்தவுடனே நம்ம லயங்களில் ஒரு பேச்சு எழும்பும். "மகளுக்கு மூணு பாடமும் பாஸ். ஆனா கெம்பஸ் கெடைக்காதாம். இனி என்னா செய்றது?" என்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாமார் கேட்பார்கள். சில வீட்டில் பிள்ளையைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். சில வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் ஆசிரியர் பயிற்சி.

அந்த வழியில் போகிற பிள்ளையின் மனசில் என்ன ஆசை இருக்கிறது, என்ன பயம் இருக்கிறது, வீட்டில் இருக்கிற நாம் அதற்கு என்ன செய்யலாம் என்பதே இந்த இதழின் பாடம். அம்பிட்டிய, தலாத்துஓயாப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பயிற்சிக்குப் போன பிள்ளைகளோடும் அவர்களின் தாய் தகப்பனோடும் பேசியதை வைத்து இதை எழுதுகிறோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று சத்தமாக வாசிக்க, எல்லாரும் கேட்டால் நல்லது.

தேயிலை முந்தி, பள்ளிக்கூடம் பிந்தி

கண்டியில் இருந்து அம்பிட்டிய, தலாத்துஓயா, மாரஸ்ஸன தாண்டி ஹேவாஹெட்டைக்குப் போகிற ரோட்டு நமக்கெல்லாம் பழக்கமான ரோட்டு. ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் துரை 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இந்த நாட்டுத் தேயிலைத் தோட்டத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

தேயிலை வந்த வேகத்தில் பள்ளிக்கூடம் வரவில்லை. தோட்டத்தில் இருக்கும் 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்கு நிர்வாகம் படிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொன்னது. அதற்குப் பிறகும் பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்றால் ஒரு அறை, ஒரு வாத்தியார், ஒரு கரும்பலகை என்றுதான் இருந்தது. அந்த ஒருவரே எல்லா வகுப்பையும் பார்ப்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். பிறகு பிள்ளையின் கையில் கூடையோ மண்வெட்டியோதான். மலேசியாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போன நம்ம ஆட்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். எழுத்துத் தெரிந்த ஒருவர் இருந்தால் அவரே அங்கு வாத்தியார்.

1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. ஆனாலும் தோட்டப் பாடசாலைகள் நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. 1970களின் கடைசியில் தொடங்கித்தான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பெடுத்தது. 1980களிலும் 1990களிலும் சுவீடன் நாட்டு உதவியில் கட்டடங்கள் எழும்பின. ஜெர்மன் நாட்டு உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. சாதாரண தரம் படித்த நம்ம இளைஞர்கள் பலர் அந்தக் காலத்தில் ஆசிரியர்களாக எடுக்கப்பட்டு, வேலை செய்துகொண்டே பயிற்சியும் பெற்றார்கள். இன்று நம்ம பாடசாலைகளில் தலை நரைத்து நிற்கிற பல அதிபர்மார் அப்படி வந்தவர்கள்தான்.

இந்தப் பழங்கதையை ஏன் சொல்கிறோம்? இன்று பயிற்சிக்குப் போகிற பிள்ளை அந்த வரிசையின் கடைசி ஆளாகத்தான் போகிறது. அதற்கு முன்னால் நிறையப் பேர் வழி வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

செக்குமாடு சுற்றுகிற மாதிரி

நம்ம பாடசாலைகளின் பெரிய நோய் ஒன்றைப் பார்ப்போம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளைகள் சாதாரண தரத்தில் கணிதத்தில் விழுந்துவிடுகிறார்கள். கணிதம் தவறினால் உயர்தரத்துக்குப் போவது கஷ்டம். அப்படியும் தப்பிப் போகிறவர்களில் அதிகம் பேர் கலைப் பிரிவுக்குத்தான் போகிறார்கள், பக்கத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. ஆகவே கணித ஆசிரியராகவோ விஞ்ஞான ஆசிரியராகவோ வரக்கூடிய பிள்ளைகள் நம்ம பக்கத்தில் குறைவு. அந்த இடத்துக்குத் தூரத்தில் இருந்து ஒருவர் வருவார். மழை, குளிர், அட்டை, பஸ் இல்லாத ரோட்டு எல்லாம் பார்த்துவிட்டு இரண்டொரு வருசத்தில் இடமாற்றம் கேட்டுப் போய்விடுவார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது. அவருக்கும் தாய் தகப்பன், பிள்ளை குட்டி உண்டு. ஆனால் இடம் மறுபடியும் காலி. அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் கணிதத்தில் விழுவார்கள்.

செக்குமாடு சுற்றுகிற மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. கட்டடம் கட்டினாலும், கொப்பி புத்தகம் கொடுத்தாலும் இந்தச் சுற்று நிற்பதில்லை. நம்ம பிள்ளை ஒன்று பயிற்சிக்குப் போய், அதை முடித்து, திரும்பி வந்து அந்தக் காலி இடத்தில் நின்றால்தான் ஒரு இடத்திலாவது நிற்கும். அதனால்தான் ஒரு பிள்ளை பயிற்சிக்குப் போவதை அந்த வீட்டுக் காரியமாக மட்டும் நாங்கள் நினைப்பதில்லை. தோட்டத்துக் காரியம் அது.

பயிற்சிக்குப் போகும் வழி

கல்வியியற் கல்லூரிக்கு உயர்தரப் பெறுபேறு வேண்டும். மூன்று பாடத்திலும் சித்தியும் இசட் புள்ளியும் பார்க்கப்படும். எந்தப் பாடத்துக்கு, எந்தப் பிரதேசத்துக்கு எத்தனை பேர் என்று வர்த்தமானியில் வரும். வயசெல்லையும் அதிலேயே இருக்கும். ஒவ்வொரு முறையும் விதிகளில் மாற்றம் வரலாம். ஆகவே பக்கத்து வீட்டு அக்கா போன வருசம் சொன்னதை வைத்து விண்ணப்பிக்க வேண்டாம். அந்த வருச வர்த்தமானியையே பார்க்க வேண்டும். இப்போது விண்ணப்பம் இணையவழியில்தான். போனில் செய்யத் தெரியாவிட்டால் பாடசாலை அதிபரிடமோ எங்களிடமோ வரலாம்.

தமிழ்மொழியில் படிக்கப் பத்தனை ஸ்ரீபாத மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, தர்கா நகர் ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் உண்டு. பாடத்தைப் பொறுத்து அங்கேயும் போக வேண்டி வரலாம். படிப்பு மூன்று வருசம். முதல் இரண்டு வருசம் விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாவது வருசம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. முடித்தவர்களுக்குக் கற்பித்தலில் தேசிய டிப்ளோமா கிடைக்கும். ஆசிரியர் நியமனமும் அதைக் கொண்டுதான்.

ஏற்கெனவே ஆசிரியர் வேலையில் சேர்ந்து, பயிற்சி இல்லாமல் இருப்பவர்களுக்கு வேறு வழி. அவர்களுக்குக் கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலை போன்ற இடங்கள் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டையொட்டி மலையகப் பாடசாலைகளுக்கு சுமார் 3,000 பேர் உதவி ஆசிரியர்களாக எடுக்கப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் மாதம் 6,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். பிறகு அது 10,000 ஆனது. பயிற்சி முடித்துத்தான் அவர்கள் ஆசிரியர் சேவைக்குள் போக வேண்டியிருந்தது. பயிற்சி இல்லாத ஆசிரியரின் கைக்கு வருவது எவ்வளவு குறைவு என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

"சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்க மூணு வருசமா?" என்று ஒரு தகப்பனார் எங்களிடம் கேட்டார். கேட்டது நியாயம்தான். அம்பிட்டிய மலையில் இருக்கும் குருமடத்தை எல்லாருக்கும் தெரியும். 1893இல் அங்கே தொடங்கிய பாப்பரசர் குருமடத்துக்கு இந்தியாவில் இருந்தெல்லாம் மாணவர் வந்து வருசக்கணக்காகப் படித்தார்கள். 1955இல் அந்தக் குருமடம் புனேக்கு மாறிப்போனது. இன்றைக்கும் அந்த மலையில் நம்ம நாட்டுக் குருமாணவர்கள் வருசக்கணக்கில் படிக்கிறார்கள். ஒரு சனத்துக்கு வழிகாட்டுகிறவர் நீண்டகாலம் படிக்க வேண்டும் என்பது நம்ம ஊருக்குத் தெரியாத விசயமா? ஆறு வயதுப் பிள்ளை எப்படி எழுத்தைப் பிடிக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் கண் தெரியவில்லை, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று பார்த்தவுடனே அறிகிற கண் மூன்று மாதத்தில் வந்துவிடாது.

பிள்ளை வாய்விட்டுச் சொல்லாத கவலைகள்

பயிற்சிக்குப் போயிருக்கும் ஒரு பிள்ளை லீவில் வந்திருந்தபோது எங்களோடு கனநேரம் பேசியது. அதன் அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா பெக்டரியில் வேலை. அந்தப் பிள்ளை சொன்னதையும் மற்றப் பிள்ளைகள் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து கவலைகள் தெரிகின்றன.

முதலாவது காசு. கல்லூரியில் மாதக் கொடுப்பனவு உண்டு. ஆனால் பிள்ளை போவதற்கு முன்னாலேயே செலவு வந்துவிடுகிறது. சேலை, சப்பாத்து, மெத்தை விரிப்பு, பஸ் காசு என்று ஒவ்வொன்றாக வரும். போன பிறகு பிரிஸ்டல் போர்ட், கலர் பேனை, போட்டோக் கொப்பி. "ஒரு பாடம் நடத்த ஒரு சார்ட் செய்யணும் சேர். மத்தப் பிள்ளைக கடையில புதுசு வாங்குவாங்க. நான் கலண்டர் பின்பக்கத்துல கீறுவேன்" என்று சொல்லிச் சிரித்தது அந்தப் பிள்ளை. சிரித்தாலும் உள்ளே வலி இருக்கிறது. தான் படிப்பதற்காகத் தம்பியின் டியூசன் நின்றுபோனதை நினைத்துச் சில ராத்திரி நித்திரை வருவதில்லையாம்.

இரண்டாவது வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா குடித்துவிட்டு வந்தால் தம்பியைப் பார்க்க ஆள் இல்லை. தண்ணீர் எடுக்க, விறகு பொறுக்க மூத்த பிள்ளைதான் இருந்தது. விடுதியில் படுத்திருந்தாலும் பிள்ளையின் நினைவு லயத்தில்தான். போன் எடுத்தால் வீட்டில் நடந்த சண்டையை எல்லாம் பிள்ளையிடம் கொட்டிவிடுகிறோம். நமக்கு மனப்பாரம் குறைகிறது. பிள்ளைக்கு அடுத்த நாள் பாடம் ஏறுவதில்லை.

மூன்றாவது பேச்சு. கல்லூரியில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், கிழக்குப் பிள்ளைகள், மலையகப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக இருக்கிறார்கள். நம்ம பிள்ளை "ஒக்காருங்க, வந்தாங்க" என்று பேசினால் அதைத் தோட்டப் பேச்சு என்று சிலர் கேலி செய்வார்கள். முதல் ஆறு மாதம் வாயையே திறக்காமல் இருந்த பிள்ளைகள் உண்டு. இதற்கு நாங்கள் சொல்வது இதுதான். எழுதும் தமிழைச் சுத்தமாகப் படிக்க வேண்டும். கண்டிப் பக்கத்தில் கந்தோர் வேலைக்குச் சிங்களமும் வேண்டும், இங்கிலீஷும் வேண்டும். ஆனால் பேச்சுக்காக வெட்கப்பட வேண்டாம். முதலாம் வகுப்பில் அழுதுகொண்டு வந்து நிற்கிற தோட்டத்துப் பிள்ளைக்கு, அதன் அம்மா பேசுகிற மாதிரியே "வாங்க தங்கம், ஒக்காருங்க" என்று சொல்லுகிற டீச்சரைக் கண்டால் பாதி அழுகை நின்றுவிடும்.

நான்காவது வகுப்பறைப் பயம். கற்பித்தல் பயிற்சியில் முதன்முதலாக வகுப்புக்கு முன்னால் நிற்கும்போது, பின்னால் விரிவுரையாளர் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். கை நடுங்கும். சோக்குக் கட்டி உடையும். நாம் மேலே சொன்ன பிள்ளை மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனது. புத்தகத்தில் இருந்த கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் முழித்துக்கொண்டு இருந்தார்களாம். உடனே அதை அழித்துவிட்டு, "அம்மா காலைல 18 கிலோ கொழுந்து எடுத்தாங்க. நிறுக்கிற எடத்துல சாக்குக்கும் தண்ணிக்குமா 2 கிலோ கழிச்சாங்க. அம்மா பேருல எத்தனை கிலோ எழுதுவாங்க?" என்று கேட்டதாம். வகுப்பே கையைத் தூக்கியதாம். ஒரு பையன் மட்டும் எழும்பி, "மழையே இல்லாத நாள்லயும் எதுக்கு டீச்சர் தண்ணிக்குக் கழிக்கிறாங்க?" என்று கேட்டானாம். விரிவுரையாளரே சிரித்துவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆசிரியப் பயிற்சி போதாது என்பது வேறு கதை. ஆனால் அன்றோடு பிள்ளையின் பயம் போய்விட்டது.

ஐந்தாவது கவலை, முடித்த பிறகு எங்கே போடுவார்கள் என்பது. இரண்டு பஸ் மாறி, பிறகு நாலு மைல் நடக்கிற பாடசாலை கிடைத்தால்? தங்க இடம் இல்லாவிட்டால்? சொந்தத் தோட்டத்துக்கே வந்தால், "நேத்து வரைக்கும் எங்க லயத்துல மூக்கொழுகித் திரிஞ்ச புள்ள, இன்னைக்கு டீச்சராம்" என்று நம்மவர்களே பேசினால்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது பிள்ளை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டார் செய்யக்கூடியது

இந்தக் கவலைகள் எல்லாவற்றையும் நம்மால் தீர்க்க முடியாது. ஆனால் பாதி நம்ம கையில் இருக்கிறது.

பத்திரங்களை இன்றைக்கே பாருங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயர் என்று நம்ம பிள்ளைகளுக்கு இருப்பது வழமை. எழுத்துத் தெரியாத தகப்பன் சொன்ன பெயரை, தமிழ் தெரியாதவர் எழுதியதால் வந்த வினை இது. நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்த பிறகு திருத்த ஓடினால் நேரம் போதாது. பிள்ளை சாதாரண தரம் எழுதும் முன்னாலேயே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிழை இருந்தால் கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிரதேச செயலகத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.

கடிதத்தைத் தேடுங்கள். லயத்துக்கு இலக்கம் இருந்தாலும் தபால் வீட்டுக்கு வருவதில்லை, தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்த பிறகு கைக்கு வந்து, அழுத பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். விண்ணப்பித்த நாளில் இருந்து கிழமைக்கு இரண்டு தரம் காரியாலயத்தில் கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் போன் இலக்கம் கொடுத்தால், அந்த இலக்கத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

காசை முன்கூட்டியே சேருங்கள். உயர்தரம் எழுதிய மாதத்தில் இருந்தே ஒரு சின்னச் சீட்டுப் பிடித்தால், கல்லூரி திறக்கும்போது கடனுக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் லயத்துப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, போகிற பிள்ளைக்கு இரண்டு சேலை வாங்கிக் கொடுத்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தச் சேலையைக் கட்டும்போதெல்லாம் தோட்டமே கூட நிற்கிற மாதிரி இருக்கிறது என்று பிள்ளை சொன்னது.

போனில் பேசும்போது யோசித்துப் பேசுங்கள். வீட்டுக் கஷ்டத்தை ஒளிக்கச் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பரீட்சை எப்போது, கற்பித்தல் பயிற்சி எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நாட்களிலாவது நல்ல வார்த்தை இரண்டு சொல்லுங்கள். நடுவில் நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது என்று படிப்பை நிறுத்தாதீர்கள். நல்ல சம்பந்தம் என்றால் மூன்று வருசம் காத்திருக்கும்.

தோட்டத்தாரும் ஒன்று செய்ய வேண்டும். திரும்பி வருகிற பிள்ளையை "டீச்சர்" என்று கூப்பிட வேண்டும். வயசில் சின்னதாக இருக்கலாம், உங்கள் மடியில் வளர்ந்ததாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு முன்னால் நாம் கொடுக்கும் மரியாதையைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் கொடுப்பார்கள். வெளியூரில் இருந்து வரும் ஆசிரியருக்கும் இதே மரியாதை வேண்டும். தங்க ஒரு நல்ல அறை, குளிக்கத் தண்ணீர், மழை நாளில் ஒரு கோப்பை தேத்தண்ணி. இவ்வளவும் கிடைத்தால் இடமாற்றம் கேட்கிற கடிதம் ஒரு வருசமாவது பிந்தும்.

நம்பிக்கை எங்கே இருக்கிறது

ஒரு ஆசிரியர் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் படிப்பித்து, பின்பு அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கம் அவர்களைப் பற்றி மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவரிடம் படித்தவர்களும் அவர் பேச்சைக் கேட்டவர்களும் ஆசிரியர்களாக, எழுத்தாளர்களாக, தொழிற்சங்கக்காரர்களாக எழும்பினார்கள். மலையகத்தின் பெரிய எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அவர்களின் தகப்பனாரும் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர்தான். ஒரு கரும்பலகைக்கு முன்னால் நின்ற ஒரு ஆள் எவ்வளவு தூரம் போகிறார் பாருங்கள்.

நம்ம பிள்ளை அவ்வளவு பெரிய ஆளாக வர வேண்டும் என்றில்லை. கணிதத்துக்கு ஆள் இல்லாத ஒரு பாடசாலையில் ஐந்து வருசம் நின்று படிப்பித்தாலே போதும். அந்த ஐந்து வருசத்தில் பத்துப் பிள்ளை கணிதத்தில் பாஸ் பண்ணினால், அதில் ஒன்றிரண்டு மறுபடியும் பயிற்சிக்குப் போகும். அப்போது செக்கு வேறு பக்கமாகச் சுற்றத் தொடங்கும்.

"சேர், எனக்குப் பெரிய ஆசை ஒண்ணும் இல்ல. நான் படிக்கிறப்போ கணக்கு டீச்சர் இல்லாம மூணு தவணை சும்மா ஒக்காந்திருந்தோம். என் வகுப்புப் பிள்ளைக ஒரு நாளும் அப்பிடி ஒக்காந்திருக்கக் கூடாது" என்றது அந்தப் பிள்ளை. ஆசிரியராக வருவதற்கு இதைவிட நல்ல காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டில் கூடிப் பேச

1. நம்ம தோட்டப் பாடசாலையில் இப்போது எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? எத்தனை மாதமாக இல்லை?

2. நம்ம பிள்ளையின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பாடசாலை இடாப்பு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா?

3. வீட்டில் பயிற்சிக்குப் போக விரும்பும் பிள்ளை இருந்தால், அதற்கு என்ன பயம் என்று நாம் ஒரு நாளாவது கேட்டோமா?

4. பாடசாலைக்குப் புதிதாக வந்த ஆசிரியரை இந்த வருசம் நம்ம வீட்டுக்கு ஒரு தரமாவது அழைத்தோமா?

இந்தக் கேள்விகளுக்கு விடையை எங்களுக்கு எழுதி அனுப்பத் தேவையில்லை. முதலாவது கேள்விக்குரிய விடையை மட்டும் ஒரு கடதாசியில் எழுதி, அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவதில் பிழை இருந்தால், பத்திரங்களை எடுத்துக்கொண்டு நாளைக்கே எங்களிடம் வாருங்கள்.